நாலுமாட்டுக்காரர் மனைவிக்கு வந்த நாற்காலி

ஒரு லிட்டர் பால் கறக்க என்ன செலவாகிறது என்று மாட்டைக் கேட்டால் அது பதில் சொல்லாது. மாடு வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார், ஆனால் பாதியில் குரல் கம்மிவிடும். கம்மிய குரலைப் படிவத்தில் ஏற்ற முடியாது. அதனால்தான் அரசாங்கம் பால் விலை நிர்ணய வாரியம் என்று ஒன்றை வைத்திருந்தது. நகரத்தின் நடுவில் ஏழு மாடிக் கட்டடம், அதில் ஐந்து மாடி வாரியத்துக்கு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அது பால் கறக்கும் செலவைக் கணக்குப் போடும். செலவின் மேல் கொஞ்சம் லாபத்தைத் தூவி, இதுதான் விலை என்று அறிவிக்கும். அடுத்த மூன்று வருஷத்துக்கு எந்தப் பால் சொசைட்டியும் அதற்கு மேல் ஒரு காசு கொடுத்து வாங்கக் கூடாது.

ஆரம்பத்தில் நாலாயிரம் தொழுவங்களுக்கு ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். பிறகு சிக்கனம் வந்தது. சிக்கனம் எப்போதும் கீழேயிருந்துதான் தொடங்கும் என்பதால் கணக்கெடுப்பவர்களைக் குறைத்தார்கள். நாலாயிரம் நானூறாயிற்று, நானூறு நாற்பதாயிற்று. கடைசியில் வாரியத்தின் நிபுணர் எழுந்து, நாற்பதும் வீண் என்றார்.

"ரத்தம் சோதிக்கிற டாக்டர் உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்தையுமா எடுக்கிறார்? ஒரு துளி போதும். துளி சரியா இருந்தா சரி."

வாரியத் தலைவருக்கு இந்த வாதம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் மேஜையைத் தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். நாட்டிலேயே மிகச் சராசரியான ஒரே ஒரு மாட்டுக்காரரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அவர் செலவுதான் எல்லோருடைய செலவும் என்று தீர்மானம் நிறைவேறியது. கணிப்பொறியில் தேடினார்கள். சராசரி மாட்டுக்காரருக்கு 4.1 மாடு என்று வந்தது. புள்ளிக்குப் பின்னால் வந்ததைக் கன்றுக்குட்டி என்று வைத்துக்கொண்டார்கள்.

அப்படி அகப்பட்டவர்தான் நம்முடைய நாலுமாட்டுக்காரர். அவருடைய பால் சொசைட்டியில் அறுபது குடும்பங்கள் பால் ஊற்றின. அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காலி, குட்டைக்கொம்பி, கருப்பி என்று மூன்று மாடு. நாலாவதன் பெயர் புதுசு. அது வந்து ஆறு வருஷமாகிறது. வெள்ளைக்காலிதான் வீட்டின் தூண், மொத்தப் பாலில் பாதி அதனுடையது. தொழுவத்தின் மூலையில் ஒரு கன்று.

வாரியத்தின் கணக்கெடுப்பாளர் ஒரு நாள் விடியற்காலையில் வந்தார். ஓய்வு பெற மூன்று வருஷம் பாக்கியிருந்த மனிதர். முழங்கால் வலி. இருபத்தெட்டுக் கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். எதற்கு இந்தக் கணக்கு என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் மாட்டுக்காரர் உண்மையை மாற்றிவிடுவாராம்.

நாலுமாட்டுக்காரர் அவசரமாகச் சலவைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு தொழுவத்து வாசலுக்கு வந்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் கஷ்டத்தைச் சொல்வது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கடன்காரன் வந்தால்கூட, நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்கிறவர். தீவனம் பற்றிக் கேட்டதும், பெரிய செலவொன்றும் இல்லை, புல்லெல்லாம் வரப்பில் தானாக முளைக்கிறது என்றார். தொழுவம் அப்பா கட்டியது என்றார். எத்தனை மணி நேரம் வேலை என்றதற்கு, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்றார். போன வருஷம் செத்த கன்றைப் பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் எதற்கு என்று சிரித்தார்.

பதினாலாவது கட்டத்தில், குடும்பப் பெண்ணின் உழைப்பு என்று எழுதியிருந்தது.

"வீட்டம்மா என்ன பண்றாங்க?"

"அவளா? அவ வீட்டுல சும்மாதாங்க இருக்கா."

அந்த நேரத்தில் அவள் அவருக்கு முதுகுப்புறம் மூன்றடி தூரத்தில் வெள்ளைக்காலியின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துப் பால் கறந்துகொண்டிருந்தாள். கறந்த பால் தூக்குவாளியில் சர் சர்ரென்று விழுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. அது அன்றைக்கு அவள் கறந்த மூன்றாவது மாடு. அதற்கு முன்பே சாணி அள்ளி, தரை கழுவி, தண்ணீர் காட்டியாயிற்று. கறந்து முடித்ததும் கேனைத் தலையில் வைத்து சொசைட்டிக்கு ஒரு மைல் நடப்பாள். வரும்போது தானாக முளைத்த அந்த வரப்புப் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டு வருவாள். கணக்கெடுப்பாளர் ஒரு நிமிஷம் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார்.

அவள் கை கழுவிவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல டீ. குடித்துவிட்டு, டீயில் ஊற்றிய பாலைச் சொந்த உபயோக வருமானம் என்று பத்தொன்பதாவது கட்டத்தில் ஏற்றிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து விலை வந்தது. பழைய விலையில் கால்வாசி போயிருந்தது. அன்று மாலை தலைவர் தொலைக்காட்சியில் தோன்றினார். இத்தனை காலம் மாடு வளர்ப்பவர்கள் தங்களை அறியாமலே கொள்ளை லாபம் அடித்துவந்திருக்கிறார்கள் என்றும், அறிவியல் முறைக் கணக்கெடுப்பால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது என்றும், இதற்காக யாரையும் தண்டிக்கப் போவதில்லை என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

சொசைட்டியில் பால் பணம் வாங்க அறுபது பேரும் வரிசையில் நின்றபடி திட்டினார்கள். எந்த மடையன் என்ன கணக்குக் கொடுத்தானோ என்று ஆளுக்கொரு சாபம் விட்டார்கள். நாலுமாட்டுக்காரரும் தன் பங்குக்கு இரண்டு விட்டார். அதில் ஒன்று கொஞ்சம் கடுமையானது.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குத் தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. தேசிய சராசரி மாட்டுக்காரர் என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. பின்னால் நிபந்தனைகள். சராசரி மாட்டுக்காரர் மாடு வாங்கக் கூடாது, விற்கக் கூடாது. விற்றாலும் பதிவேட்டில் நான்காகவே இருக்கும். மாட்டு டாக்டரை வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் அழைத்தால் சராசரி கெடும். கூடவே அவர் கொடுத்த கணக்கின் நகல். விலையில் குறை இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம், அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மாற்றமில்லை என்று கடைசி வரி.

சான்றிதழ் கனமான அட்டை என்பதால் முதலில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நகலை அவர் மனைவி வாங்கிப் படித்தாள். பதினாலாவது கட்டம் வந்ததும் அதன்மேல் விரலை வைத்து நிறுத்தினாள். அவர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பேச்சுவாக்கில் வந்துவிட்டது, எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்வதுதானே, தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை என்றார்.

"தெரியுங்க. நீங்க இத இருபது வருஷமா சொல்றீங்க. இப்பத்தான் யாரோ எழுதிக்கிட்டாங்க."

சொசைட்டிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் வரிசையில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் அன்றே பஸ் ஏறி வாரியத்துக்குப் போனார். மூன்றாம் மாடியில் ஐந்தாம் மாடிக்குப் போகச் சொன்னார்கள், ஐந்தாம் மாடியில் சாப்பாட்டு நேரம் என்றார்கள். நாலாவது தடவை போனபோது நிபுணர் நேரிலேயே அகப்பட்டார். நான் சொன்னது தவறு, என் மனைவிதான் எல்லா வேலையும் செய்கிறாள், அந்தப் பூஜ்யத்தை அடித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நிபுணர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அரை மணியில் விரட்டியிருப்பார், இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

"நீங்க அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. ரெண்டுல எது உண்மைன்னு அறிவியல்தான் சொல்லணும். உங்க வீட்டம்மா வேலை செய்யாம பதினஞ்சு நாள் இருக்கட்டும். பால் எவ்வளவு குறையுதோ அதுதான் அவங்க உழைப்பு. சுலபம்."

விதிமுறைகள் எழுதப்பட்டன. பதினைந்து நாளும் விடியலிலிருந்து அந்தி வரை அவள் தொழுவத்துக்கு எதிரே ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வீட்டு வேலை ஞாபகம் வரலாம் என்பதால் வாரியமே ஒரு நாற்காலி அனுப்பியது. இரும்பு நாற்காலி. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எண். அதைப் பெற்றுக்கொண்டதற்கு மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தில் ஒரு முக்காலியில் கணக்கெடுப்பாளர் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார்.

முதல் நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

நாலுமாட்டுக்காரர் சாணி அள்ளினார், தண்ணீர் சுமந்தார், புல் அறுத்தார். இரண்டு மணி நேரத்தில் முடிப்பேன் என்று சொன்னவர் பகல் பன்னிரண்டுக்குத்தான் கறக்கவே உட்கார்ந்தார். குட்டைக்கொம்பி உதைத்தது. கருப்பி பாலை அடக்கிக்கொண்டது. வெள்ளைக்காலி திரும்பித் திரும்பி நாற்காலியையே பார்த்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கட்டை விரலை மடக்காதீங்க, முதல்ல மடியத் தடவிக் குடுங்க என்று சொல்லப் போனாள். கணக்கெடுப்பாளர் சங்கடத்தோடு விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். ஆலோசனை வழங்குவதும் உழைப்புதான் என்று ஆறாம் பக்கத்தில் போட்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாலாம் நாள் கணக்கெடுப்பாளரே மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அம்மா, அன்னிக்கே எனக்குச் சத்தம் கேட்டுச்சு. பால் விழுற சத்தம்."

"அப்புறம் ஏன் சார் பூஜ்யம் போட்டீங்க?"

"படிவத்துல அவர் என்ன சொன்னார்னுதான் கேட்டிருக்கு. எனக்கு என்ன கேட்டுச்சுன்னு ஒரு கட்டம் இல்லையே."

அவருக்கும் வீட்டில் ஒரு மனைவி இருந்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று அவரை யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாரோ என்னவோ, அன்று முழுக்கக் குனிந்தே எழுதிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாளிலேயே பால் கணிசமாகக் குறைந்துவிட்டது. சொசைட்டி அளவுச் சீட்டைப் பார்த்து அறுபது குடும்பங்களும் சந்தோஷப்பட்டன. பால் குறைந்ததற்காக மாட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டது உலகத்திலேயே அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும். நாலுமாட்டுக்காரரை மறுபடி வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். நாளுக்கு நாள் வேலிக்கு வெளியே கூட்டம் கூடி நின்று அவள் உட்கார்ந்திருப்பதைக் கவலையோடு பார்த்துவிட்டுப் போனது.

பதினோராம் நாள் காலை வெள்ளைக்காலி கத்தியது. ஒரு வாரமாக முழுசாகக் கறக்கப்படாமல் பால் தேங்கி மடி கல்லாகிவிட்டிருந்தது. தொட்டால் கொதித்தது. நாலுமாட்டுக்காரர் காம்பைப் பிடித்ததும் பால் திரிதிரியாக வந்தது, பின்னால் ரத்தம் கலந்து வந்தது. மடிநோய். மாட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வேலி வரைக்கும் வந்தார். வருஷத்துக்கு உண்டான ஒரு தடவை, ஆறு மாதம் முன்பு புதுசுக்குக் காய்ச்சல் வந்தபோதே தீர்ந்துவிட்டது என்று கணக்கெடுப்பாளர் நோட்டைக் காட்டினார். இப்போது ஊசி போட்டால் பதினைந்து நாள் சோதனை செல்லாது. டாக்டர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எழுந்திரிக்காதீங்கம்மா. எழுந்தா பதினோரு நாளும் வீண்" என்றார் கணக்கெடுப்பாளர். அவர் அதட்டவில்லை, கெஞ்சினார்.

"சார், அது கத்துது."

வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் முன்னால் வந்தாள். கணவர் இல்லாதவள். இரண்டு மாடு இருந்தது, விலை இறங்கிய மாதமே ஒன்றை விற்றுவிட்டாள். அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நாலு நாள்தான்மா. நீ எந்திரிச்சா எங்களுக்கு மூணு வருஷம்."

எழுந்தவள் அப்படியே நின்றாள். வெள்ளைக்காலியைக் கன்றாக வாங்கி வந்து, முதல் ஈற்றுக்கு இரவெல்லாம் பக்கத்தில் கிடந்து, கை விட்டுக் கன்றை இழுத்தவள். கணவரைப் பார்த்தாள். அவர் மாட்டின் கீழே முழங்காலில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாத கையோடு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "பாக்கலாமா சார்? பாக்குறதும் வேலையா?"

கணக்கெடுப்பாளர் புத்தகத்தைப் புரட்டினார். பார்ப்பது மேற்பார்வை என்ற தலைப்பில் வந்தது. மேற்பார்வைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் எழுதிய புத்தகம் அது, அவர்கள் பார்ப்பதை உழைப்பாகத்தான் வைப்பார்கள். நாற்காலியைத் தூக்கித் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். மிச்சம் நாலு நாளும் அவள் தொழுவத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காதை மூடுவது பற்றி விதி எதுவும் இல்லை.

பதினைந்தாம் நாள் அந்தியில் கணக்கெடுப்பாளர் நோட்டை மூடியதும் அவள் எழுந்து ஓடினாள். வெள்ளைக்காலியின் இரண்டு காம்புகள் செத்துப்போயிருந்தன. மாடு பிழைத்தது, அந்தக் காம்புகள் பிழைக்கவில்லை.

ஆட்சேபனை விசாரணை வாரியத்தின் ஐந்தாம் மாடியில் குளிரூட்டிய அறையில் நடந்தது. சுவர் முழுக்கப் பச்சைப் புல்வெளியில் மாடு நிற்கிற படம். அந்த மாட்டுக்குப் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. கணவனும் மனைவியும் மேஜையின் இந்தக் கோடியில் உட்கார்ந்தார்கள். நிபுணர் அறிக்கை வாசித்தார். பதினைந்து நாளில் பால் பாதியாகக் குறைந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நாலுமாட்டுக்காரர் மனைவியின் கையை மேஜைக்கடியில் தொட்டார்.

"ஆனா," என்றார் நிபுணர், "பால் குறைஞ்சதுக்குக் காரணம் மடிநோய். மடிநோய் இருபத்திரண்டாவது கட்டம். நீங்க ஆட்சேபனை குடுத்திருக்கிறது பதினாலாவது கட்டத்துக்கு. இருபத்திரண்டாவது கட்டத்துல நடந்ததப் பதினாலாவது கட்டத்துல ஏத்த முடியாது."

மடிநோய் ஏன் வந்தது என்று நாலுமாட்டுக்காரர் கேட்டார். அது கால்நடைத் துறையைக் கேட்க வேண்டிய கேள்வி என்று பதில் வந்தது. கால்நடைத் துறை இரண்டாம் மாடி.

நிபுணர் இன்னொன்றும் சொன்னார். சோதனை நடந்த பதினைந்து நாளில் நோய்ப்பட்ட மாடு தீவனம் தின்னவில்லை, டாக்டரும் வரவில்லை. ஆகவே செலவு குறைந்திருக்கிறது. வீட்டம்மா வேலை செய்யாதபோது செலவு குறைகிறது என்றால், விலையை இன்னும் கொஞ்சம் இறக்கக்கூட இடமிருக்கிறது. ஆனால் மனிதாபிமானம் கருதி வாரியம் அதைப் பரிந்துரைக்கவில்லை.

அப்போது தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். விலை அறிவிக்கும்போது எப்படியோ, பெண்களைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்குக் குரல் தானாக இறங்கிக் கனிந்துவிடும்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். எங்கம்மாவும் மாடு கறந்தவங்கதான். அந்தப் பாலக் குடிச்சுத்தான் இன்னிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். அந்த உழைப்புக்கு நான் விலை போட முடியுமா? மணிக்கு இவ்வளவுன்னு எழுதினா அது தாய்க்குச் செய்யற அவமானம் இல்லையா? பூஜ்யம்னு நாங்க போட்டிருக்கிறது மதிப்பில்லைன்னு அர்த்தம் இல்ல. மதிப்பிடவே முடியாதுன்னு அர்த்தம். நான் இந்த இடத்துல இருக்கிற வரைக்கும் ஒரு பெண்ணைக்கூட இந்த வாரியம் அவமானப்படுத்த விடமாட்டேன்."

மேஜை தட்டப்பட்டது. ஒரு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தட்டல் ஓய்ந்ததும் அவள் பேசினாள். அவள் குரல் மைக்கில் விழவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"பரவாயில்ல சார். அவமானப்படுத்துங்க. லிட்டருக்கு இவ்வளவுன்னு கொஞ்சமா அவமானப்படுத்துனாலே போதும். நாங்க அறுபது வீடும் தாங்கிக்குவோம்."

விசாரணைக் குறிப்பேட்டில், மனுதாரரின் மனைவி வாரியத்தின் நல்லெண்ணத்துக்கு நன்றி தெரிவித்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. விலை அப்படியே நின்றது. நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நாலுமாட்டுக்காரர் இரண்டு கடிதம் போட்டார். அனுப்பிய பிரிவு கலைக்கப்பட்டுவிட்டதால் பெற்றுக்கொள்ள ஆளில்லை என்று பதில் வந்தது.

பிறகு நடந்தது எல்லா இடத்திலும் நடந்ததுதான். இரண்டு காம்பு மாட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? வெள்ளைக்காலியைத் தரகர் ஓட்டிக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றும்போது அவள் வெளியே வரவில்லை. அடுத்த வருஷம் குட்டைக்கொம்பி, அதற்கடுத்து கருப்பியும் கன்றும். புதுசு கடைசியாகப் போனது, கடைசி வரைக்கும் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா அதற்கு முன்பே தொழுவத்தைப் பிரித்துக் கூரை ஓடுகளை விற்றுவிட்டாள். அறுபது குடும்பம் பதினேழாயிற்று. பால் பற்றாக்குறை என்று பேப்பரில் வந்தது. அதைத் தீர்க்க அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து பால் பவுடர் இறக்கியது. அந்த நாட்டில் மாட்டுக்காரர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறதாம், அதனால் விலை மலிவாம். இதைத் தலைவரே பேட்டியில் வியந்து சொன்னார்.

பவுடரைப் பொட்டலம் போட நகரத்து ஓரத்தில் ஒரு தொழிற்சாலை வந்தது. நாலுமாட்டுக்காரர் மனைவி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு மணி நேரம், நீலச் சட்டை, தலைக்குத் தொப்பி. முதல் மாதச் சம்பளச் சீட்டை அவள் வீட்டில் இரண்டு தடவை படித்தாள். உழைத்த மணி நேரம் என்று ஒரு வரி அதில் இருந்தது, அதற்கெதிரே ஒரு எண் இருந்தது. பூஜ்யம் இல்லை.

மூன்று வருஷம் முடிந்து மறுபடி விலை நிர்ணயிக்கும் காலம் வந்தது. கணக்கெடுப்பாளர் வந்தார். அவருக்கு அது கடைசி மாதம். முழங்கால் முன்னைவிட மோசம். தொழுவத்தில் ஒரு காலத்தில் தினமும் கழுவிய தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. மூலையில் எண் போட்ட இரும்பு நாற்காலி. உட்கார வேறு எதுவும் இல்லாததால் அதிலேயே உட்கார்ந்தார்.

நாலுமாட்டுக்காரர் வாசலில் அடுப்பு வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கொடியில் நீலச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது, அதை அவர்தான் துவைத்திருந்தார். பக்கத்தில் அரிந்த காய், கழுவ வேண்டிய பாத்திரம், நிரப்பிய இரண்டு குடம். காலையில் நாலு மணிக்கு எழுந்து அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தவர். இப்போது சலவைச் சட்டையெல்லாம் போட்டுக்கொள்ளவில்லை.

மாடு எத்தனை என்ற கட்டத்தில் கணக்கெடுப்பாளர் சான்றிதழைப் பார்த்து நான்கு என்று எழுதினார். தீவனச் செலவு, இல்லை. மருத்துவச் செலவு, இல்லை. தண்ணீர், மின்சாரம், இல்லை. எழுத எழுத அவருக்கே புரிந்தது. நாட்டின் பால் உற்பத்திச் செலவு இந்த முறை வரலாறு காணாத அளவுக்கு இறங்கப் போகிறது, தலைவர் தொலைக்காட்சியில் ரொம்ப நேரம் பேசுவார்.

பதினாலாவது கட்டம் வந்தது.

"வீட்டம்மா?"

"வேலைக்குப் போயிருக்கா."

"அப்ப தொழுவத்துல அவங்க வேலை இல்ல." பூஜ்யம் எழுதினார். மேலே, குடும்பத் தலைவரின் உழைப்பு என்ற பதின்மூன்றாவது கட்டம் விட்டுப்போயிருந்தது. "நீங்க என்ன பண்றீங்க?"

"நானா?" அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் வீட்டுல சும்மாதாங்க இருக்கேன்."

சொல்லி முடித்ததும் ஊதுகுழல் வாயருகிலேயே நின்றுவிட்டது. புகை அவர் முகத்தில் அடித்தது. கொடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. கணக்கெடுப்பாளர் பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் யாருக்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"மாத்திச் சொல்றதுன்னா சொல்லுங்க. எழுதிக்கிறேன்" என்றார்.

நாலுமாட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்கெடுப்பாளர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"வேணாம் சார். அப்படியே இருக்கட்டும். மாத்தி எழுதினா இன்னொரு நாற்காலி அனுப்புவாங்க."